அந்தக் கடிகாரத்தைச் செய்தது யார்? – காலப்பயணக் கதைகள் பற்றி வாசகர் கேள்வி பதில்

சிறுவர்களுக்கான காலப்பயண சாகசக் கதைகளை எழுதுகிறவர்கள், படிக்கிறவர்கள், வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறவர்கள் என்று பலரும் கேள்வி அனுப்பியிருக்கிறார்கள். ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்து இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: பழைய சுவர்க்கடிகாரம் ஒன்றின் வழியாக அண்ணனும் தங்கையும் நூறு ஆண்டு பின்னால் போகிறார்கள். மூன்று அத்தியாயம் விறுவிறுவென்று வந்துவிட்டது. நான்காவதில் கதை நகர மாட்டேன் என்கிறது. எங்கே தவறு?

பதில்: கடிகாரத்துக்கு விதி எழுதாமல் கதையைத் தொடங்கியிருப்பீர்கள் என்று தோன்றுகிறது. முதல் மூன்று அத்தியாயங்களை வியப்பே தாங்கிவிடும். நான்காவதில் பிள்ளைகளுக்கு ஒரு தேவை வர வேண்டும்; அதற்கு ஒரு தடையும் வேண்டும். அந்தத் தடைக்காக வெளியிலிருந்து ஒரு வில்லனைக் கூட்டிவராதீர்கள். கடிகாரத்திலிருந்தே எடுங்கள்.

ஒரு தாளில் ஐந்து பதில்கள் எழுதுங்கள். பயணம் எதனால் தொடங்குகிறது? யாரெல்லாம் போகலாம்? கூடவே என்னென்ன போகும்: உடுத்திய துணியா, கையில் பிடித்திருப்பதா, முதுகுப் பையுமா? அங்கே ஒரு மணிநேரம் கழிந்தால் வீட்டில் எவ்வளவு நேரம் கழியும்? திரும்பிவர என்ன வேண்டும்? ஒவ்வொன்றுக்கும் ஒரே வரி. "ஆனால் சில சமயம்…" என்று இழுக்கத் தோன்றினால் அந்த விதி இன்னும் முடிவாகவில்லை என்று பொருள்.

உங்கள் கையில் இருப்பது நல்ல கருவி. பழைய பெண்டுலம் கடிகாரங்களில் பல, ஒருமுறை சாவி கொடுத்தால் எட்டு நாள் ஓடக்கூடியவை. ஆகவே பிள்ளைகளுக்கு எட்டு நாள்தான் அவகாசம் என்று வைக்கலாம். இன்னொன்றும் உண்டு. பெண்டுலம் கடிகாரம் சுவரில் நேராகத் தொங்க வேண்டும். சற்றே சாய்ந்தாலும் 'டிக்'குக்கும் 'டாக்'குக்கும் இடைவெளி சமமாக இராது. நொண்டியடிப்பதுபோல் "டிக்டாக்… டிக்டாக்…" என்று கேட்கும். கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். நூறு ஆண்டுக்கு முந்தைய அந்த வீட்டில் யாரோ சுவருக்கு வெள்ளையடிக்கக் கடிகாரத்தைக் கழற்றி வேறு ஆணியில் மாட்டிவிட்டார்கள் என்று வையுங்கள். சாவி முழுக்கக் கொடுத்திருந்தும் கடிகாரம் ஓடவில்லை. திரும்பும் வழி அடைபட்டுவிட்டது. தங்கை கண்ணை மூடிச் சத்தத்தைக் கேட்கிறாள். அண்ணன் பெட்டியின் அடிப்பக்கத்தை இடதுபக்கம் ஒரு நூலளவு நகர்த்துகிறான், பெண்டுலத்தை ஆட்டிவிடுகிறான், மறுபடி கேட்கிறார்கள். 'டிக்'கும் 'டாக்'கும் சமமாகும் அந்த இடத்தில் உங்கள் நான்காவது அத்தியாயம் முடியலாம். மந்திரச்சொல் எதுவும் வேண்டாம். காதும் கையும் செய்கிற வேலையைப் பிள்ளைகள் ஆசையோடு படிப்பார்கள்.

கேள்வி: நான் ஏழாம் வகுப்புப் படிக்கிறேன். கதையில் ஒருவன் ஒரு நிமிடம் பின்னால் போகிறான். அந்த ஒரு நிமிடத்தில் பூமி நகர்ந்திருக்குமே? அவன் விண்வெளியில் போய் விழமாட்டானா?

பதில்: அருமையான கேள்வி. பூமி சூரியனைச் சுற்றும் வேகம் நொடிக்குச் சுமார் 30 கிலோமீட்டர். ஒரு நிமிடத்தில் 1,800 கிலோமீட்டர். ஒரு மணிநேரத்தில் ஒரு லட்சம் கிலோமீட்டருக்கும் மேல். சூரியனும் நம்மையெல்லாம் இழுத்துக்கொண்டு பால்வீதியின் மையத்தைச் சுற்றுகிறது. ஆகவே 'அதே இடம்' என்று அண்டவெளியில் ஆணி அடித்து வைத்த புள்ளி எதுவும் கிடையாது. எதை வைத்து அளக்கிறோமோ அதைப் பொறுத்துத்தான் இடம்.

கதாசிரியருக்கு வழி இருக்கிறது. கருவி பூமியோடு ஒட்டியது, தரையை வைத்தே இடத்தைக் கணக்கிடுகிறது என்று ஒரு வரி போதும். 1895-ல் வெளிவந்த எச்.ஜி. வெல்ஸின் 'கால இயந்திரம்' நாவலில் இயந்திரம் காலத்தில் மட்டும்தான் நகரும். எதிர்காலத்தில் சிலர் அதைச் சற்றுத் தூரம் இழுத்துப் போய்விடுவார்கள். பயணி திரும்பி வரும்போது இயந்திரம் ஆய்வுக்கூடத்தில் புறப்பட்ட மூலையில் நிற்காது. இழுத்துப்போன தூரம் தள்ளி வேறு மூலையில் வந்து நிற்கும். விதியை வைத்தால் இப்படிக் கடைசிப் பக்கம் வரை காப்பாற்ற வேண்டும்.

நீங்கள் கதை எழுதுவதாக இருந்தால் இடத்தையும் யோசியுங்கள். இன்று மாடியில் நின்றுகொண்டு புறப்பட்டால், அந்த மாடி கட்டாத காலத்தில் எங்கே போய் நிற்பது?

கேள்வி: காரியம் கெட்டுப்போனால் இன்னும் ஐந்து நிமிடம் முன்னால் போய்ச் சரிசெய்யலாமே என்று என் மகள் ஒவ்வொரு கதையிலும் கேட்கிறாள். என்ன சொல்வது?

பதில்: அவள் கேட்பது நியாயம் என்று சொல்லுங்கள். இந்த வகைக் கதைகளில் அதிகம் காணும் ஓட்டை இதுதான். எத்தனை முறை வேண்டுமானாலும் முயலலாம் என்றால் எந்த ஆபத்தும் ஆபத்தில்லை. வாசகருக்குப் பதற்றம் வராது.

எழுதுகிறவர்கள் இதற்குப் போடும் பூட்டுகள் சில உண்டு. ஒரே ஆள் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்க முடியாது என்பது ஒன்று. ஏற்கெனவே போய்வந்த நேரம் அவருக்கு மூடிய கதவு. வாசல் வருடத்தில் ஒரு நாள்தான் திறக்கும் என்பது இன்னொன்று. மூன்றாவது, ஒவ்வொரு பயணத்துக்கும் எதையாவது இழக்க வேண்டும் என்பது. நமக்குப் பிடித்தது இதுதான், ஆனால் இழப்பு உண்மையானதாக இருக்க வேண்டும். "மிகவும் களைத்துப் போவாள்" என்று எழுதினால் போதாது. தூங்கி எழுந்தால் களைப்பு போய்விடும். ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு நினைவு அழியும் என்று வைத்தால், மூன்றாவது பயணத்துக்கு முன் அவள் கட்டாயம் தயங்குவாள்.

எந்தப் பூட்டாக இருந்தாலும் சிக்கல் வருவதற்கு முன்பே வாசகருக்குத் தெரிந்திருக்க வேண்டும். முதல் கால்பகுதிக்குள் சொல்லிவிடுங்கள். பத்தாவது அத்தியாயத்தில் திடீரென்று "இனி போக முடியாது" என்று சொன்னால் பிள்ளைகள் ஏமாற்றப்பட்டதாகவே உணர்வார்கள்.

கேள்வி: என் கதையில் ஒரு பாட்டி 2024-ல் சிறுமிக்குக் கைக்கடிகாரம் கொடுக்கிறார். அவள் 1964-க்குப் போய், அதை அங்கே ஒரு சின்னப் பெண்ணிடம் கொடுக்கிறாள். அந்தப் பெண்தான் பிறகு அந்தப் பாட்டி ஆகிறார். நண்பர்கள் "பிரமாதம்" என்கிறார்கள். எனக்கு மட்டும் எதுவோ இடிக்கிறது.

பதில்: உங்கள் சந்தேகம் சரி. இரண்டு இடத்தில் இடிக்கிறது.

முதலாவது, அந்தக் கடிகாரத்தைச் செய்தது யார்? எந்தக் கடையிலும் அது வாங்கப்படவில்லை, எந்தப் பட்டறையிலும் செய்யப்படவில்லை. வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இதைப் புதிராகவே விட்டுவிடலாம். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட வாசகர்கள் ரசிப்பார்கள்.

இரண்டாவதற்குத் தப்பிக்க வழியில்லை. 1964-லிருந்து 2024 வரை அறுபது ஆண்டு அது பாட்டியின் கையில் இருக்கிறது. கண்ணாடியில் கீறல் விழும், வார் நைந்துபோகும், உள்ளே எண்ணெய் காயும். அந்த நைந்த கடிகாரம்தான் 1964-க்குப் போகிறது. அப்படியானால் பாட்டி சிறுமியாக வாங்கும்போதே அது அறுபது ஆண்டு பழையது. 2024-ல் நூற்றிருபது ஆண்டு பழையது. ஆனால் சிறுமி வாங்கியதும் இதே கடிகாரம்தானே! ஒரே பொருள் ஒரே நாளில் இரண்டு வயதில் இருக்க முடியாது.

சரிசெய்ய எளிய வழி, வட்டத்தை ஓரிடத்தில் வெட்டிவிடுவது. கடிகாரத்தை 1964-ல் ஒருவர் கடையில் வாங்கியதாக வையுங்கள். 2024-ல் பாட்டி அதைச் சிறுமியிடம் கொடுக்கிறார். சிறுமி கடந்த காலத்துக்கு எடுத்துச் செல்கிறாள். ஆனால் அங்கே யாரிடமும் கொடுப்பதில்லை. கடையிலிருந்து வந்த புதுக் கடிகாரமும் அவள் கையிலிருக்கும் பழையதும் ஒரே அறையில், ஒரே மேசையில் இருக்கின்றன. ஒன்றில் கீறல் உண்டு, மற்றதில் இல்லை. அந்தக் கீறல் எப்படி விழுந்தது என்பதை வாசகர் கண்முன்னே காட்டுங்கள். நீங்கள் வைத்திருந்த திருப்பத்தைவிட இது மனதில் நிற்கும்.

கேள்வி: வரலாற்றை மாற்றலாமா, கூடாதா? உண்மையில் நடந்த பெரிய விபத்து ஒன்றை வைத்து எழுத ஆசை.

பதில்: எழுதும் முன் மூன்றில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். என்ன செய்தாலும் நடந்தது மாறாது என்பது ஒன்று. மாறும், மாற்றத்தின் விளைவைச் சுமக்க வேண்டும் என்பது இன்னொன்று. மாற்றினால் வேறொரு கிளை முளைக்கும், பழையது அப்படியே இருக்கும் என்பது மூன்றாவது. ஒரே கதையில் இரண்டைக் கலந்தால் கட்டு குலைந்துவிடும். கிளை முளைக்கும் முறை பார்க்க எளிது. ஆனால் சிறுவன் காப்பாற்றிய நண்பன் வேறொரு கிளையில்தான் பிழைத்திருப்பான், வீட்டுக்குத் திரும்பினால் இழப்பு அப்படியே இருக்கும். அந்த வலியைத் தாங்கும் வயது வாசகருக்குத்தான் அது பொருந்தும்.

உண்மை விபத்து என்றால் முதல் முறைதான் மரியாதை. உயிரிழந்தவர்கள் உண்மை மனிதர்கள். கற்பனைச் சிறுவன் செய்த பிழையால்தான் அது நடந்தது என்று எழுதாதீர்கள். பெரிய நிகழ்வு மாறாமல் நிற்க, அதற்குள் பதிவாகாத ஒரு சிறிய காரியத்தை மாற்ற விடுங்கள்.

டைட்டானிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1912 ஏப்ரல் 14 இரவு 11.40-க்குப் பனிப்பாறையில் மோதியது. 15-ஆம் தேதி அதிகாலை 2.20-க்கு மூழ்கியது. நடுவில் 160 நிமிடம். முதல் உயிர்காப்புப் படகு இறங்கவே ஏறத்தாழ ஒரு மணிநேரம் ஆயிற்று. கப்பலில் சுமார் 2,200 பேர்; படகுகள் 20; அவற்றில் மொத்தம் 1,178 பேருக்குத்தான் இடம். ஆனாலும் தொடக்கத்தில் இறங்கிய படகுகள் பல, பாதி காலியாகவே போயின. கதைக்கு வேண்டிய இடம் அந்தக் காலி இருக்கைகளில் இருக்கிறது. கப்பலைக் காப்பாற்ற முடியாது. ஆனால் "ஆபத்து ஒன்றுமில்லை" என்று நம்பிக் கீழே படுத்திருக்கும் ஒரு தாயையும் குழந்தையையும் ஒரு மணிக்குள் மேல்தளத்துக்குக் கூட்டிவர முடியுமா? பத்து வயதுப் பிள்ளைக்கு அதுவே போதுமான சாகசம். அன்று இரவு நிலா இல்லை. ஆகவே "நிலவொளியில் பனிப்பாறை மின்னியது" என்று எழுதிவிடாதீர்கள்.

கேள்வி: கிழமை, நிலா, பொருள்கள் எல்லாம் சரியா என்று எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: கிழமைக்கு ஒரு குறுக்குவழி: 1901 முதல் 2099 வரை 28 ஆண்டுக்கு ஒருமுறை நாட்காட்டி அப்படியே திரும்பும். 2025, 1997, 1969 மூன்றுக்கும் ஒரே நாட்காட்டிதான். நிலாவுக்கு 19 ஆண்டு. இன்று பௌர்ணமி என்றால் 19 ஆண்டுக்கு முன் இதே தேதியிலும், ஒரு நாள் முன்பின்னாக, பௌர்ணமி. முழுநிலா சூரியன் மறையும் நேரத்தில் எழும். வளர்பிறைக் கீற்று மாலையிலேயே மேற்கில் மறைந்துவிடும். நள்ளிரவில் தலைக்கு மேலே பிறைநிலா என்பது அச்சில் அடிக்கடி கண்ணில் படும் பிழை.

பழைய தேதிகளில் கவனம் தேவை. 1582-ல் இத்தாலி, ஸ்பெயின் போன்ற நாடுகள் பழைய ஜூலியன் நாட்காட்டியை விட்டு இன்றைய கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறின; அங்கே அக்டோபர் 4-க்கு மறுநாள் அக்டோபர் 15. பிரிட்டன் 1752-ல்தான் மாறியது. அங்கே செப்டம்பர் 2-க்கு மறுநாள் செப்டம்பர் 14. நடுவிலுள்ள ஒரு தேதிக்குக் கருவியைத் திருப்பினால் என்ன ஆகும் என்பதே ஒரு கதை.

அறிஞர்களே ஒத்துப்போகாத தேதிகளும் உண்டு. கி.பி. 79-ஆம் ஆண்டு இத்தாலியில் வெசூவியஸ் எரிமலை வெடித்து பொம்பெயி நகரம் புதைந்தது ஆகஸ்ட் 24 என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. 2018-ல் அங்கே கரியால் எழுதிய ஒரு சுவர்க்குறிப்பு கிடைத்தது. அதிலிருந்த தேதி அக்டோபர் 17. வெடிப்பு அதற்குப் பிறகாக இருக்கலாம் என்ற வாதம் வலுத்தது. கதையில் ஒரு பக்கத்தைத் தேர்ந்து, பருவம், பழங்கள், உடை எல்லாவற்றையும் அதற்கேற்ப அமையுங்கள்.

பொருள்களில் பெரியவை தப்பிப்பதில்லை. யாரும் விமானத்தைத் தவறான நூற்றாண்டில் பறக்க விடமாட்டார்கள். சிறியவைதான் நழுவும். உரசினால் பற்றும் தீக்குச்சி விற்பனைக்கு வந்தது 1827-ல். பெண்டுலம் கடிகாரம் 1656-ல். அதற்குப் பிறகுதான் நிமிட முள் பரவலாயிற்று. ஆகவே அதற்கு முந்தைய பாத்திரம் "ஐந்து நிமிடம் பொறு" என்று சொன்னால் கதையிலிருந்து வாசகர் விலகிவிடுவார். "கண் இமைக்கும் நேரம்", "விளக்கில் எண்ணெய் தீருமுன்" என்று சொல்லட்டும்.

கேள்வி: பாட்டியைப் பத்து வயதுச் சிறுமியாகச் சந்திக்கும் பேரன் 'நீ' என்று பேசுவதா, 'நீங்க' என்றா? காலம் காட்டும் வினைச்சொற்களும் குழப்புகின்றன.

பதில்: அவள் யார் என்று தெரியும்வரை 'நீ'. தெரிந்த கணத்திலிருந்து அவன் நாக்கு தடுமாற வேண்டும். தமிழில் எழுதுகிறவருக்குக் கிடைத்த கொடை இது, வீணாக்காதீர்கள்.

"நீங்க… நீ அந்தக் கிணத்துப் பக்கம் போகாதே!"
"என்னடா, திடீர்னு மரியாதையெல்லாம்?"

இவன் யாரோ என்று அவளுக்கு முதல் சந்தேகம் வருவது அந்த ஒரு 'ங்க'வினால் இருக்கட்டும்.

வினைச்சொல்லுக்கு ஒரே விதி: பேசுகிறவரின் சொந்த வாழ்க்கையில் எது முன், எது பின் என்று பாருங்கள். பேரன் கேட்ட கதை அவனுக்கு இறந்தகாலம், அவளுக்கு எதிர்காலம். ஆகவே, "இந்தக் கதையை நீ எனக்குச் சொல்லப்போறே. நான் கேட்டு முடிச்சாச்சு." இரண்டு காலமும் இரண்டு வாக்கியத்தில் நிற்கின்றன, படிக்கிறவர் குழம்புவதில்லை. கதைசொல்லியின் குரலில் 'நேற்று', 'நாளை' வேண்டாம். 'முந்தின நாள்', 'மறுநாள்' என்று எழுதுங்கள்.

வயதுக் கணக்கையும் போட்டுவிடுங்கள். 2025-ல் பாட்டிக்கு 68 என்றால் பத்து வயது 1967-ல்.

கேள்வி: டைனோசர் காலத்துக்குப் போகும் கதையில் டைரனோசாரஸும் ஸ்டெகோசாரஸும் சண்டை போடலாமா?

பதில்: போட முடியாது. ஸ்டெகோசாரஸ் வாழ்ந்தது சுமார் 15 கோடி ஆண்டுக்கு முன். டைரனோசாரஸ் 6.8 கோடி முதல் 6.6 கோடி ஆண்டுக்கு முன். டைரனோசாரஸுக்கு ஸ்டெகோசாரஸைவிட நாம்தான் காலத்தால் நெருக்கம்! சண்டைக்கு ட்ரைசெராடாப்ஸைக் கூப்பிடுங்கள். அது டைரனோசாரஸின் காலத்தது. ஏழு கோடி ஆண்டுக்கு முன் ஒரு நாளுக்குச் சுமார் 23½ மணிநேரம்தான், ஆண்டுக்கு 372 நாள் என்று புதைபடிவச் சிப்பி ஒன்றின் வளர்ச்சி வரிகள் சொல்கின்றன. உங்கள் நாயகியின் கைக்கடிகாரம் தினமும் அரைமணி பிசகும். இரண்டாவது நாளே அவள் அதைக் கவனிக்கட்டும்.

கேள்வி: அறிவியல்படி காலப்பயணம் நடக்குமா?

பதில்: எதிர்காலத்துக்கு நடக்கும். ஐன்ஸ்டைன் 1905-ல் சொன்னபடி, வேகமாகப் போகிறவரின் கடிகாரம் மெதுவாக ஓடும். ஒளியின் வேகத்தில் 99.5 சதவீதத்தில் ஒருவர் தன் கணக்கில் ஓராண்டு பயணம் செய்து திரும்பினால் பூமியில் பத்து ஆண்டு கழிந்திருக்கும். 1971-ல் அணுக்கடிகாரங்களைப் பயணி விமானங்களில் உலகைச் சுற்றவிட்டு, நொடியின் நூறு கோடிப் பங்குக் கணக்கில் இந்த வேறுபாட்டை அளந்தார்கள். கடந்த காலத்துக்குப் போனவர் யாருமில்லை. இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங் 2009 ஜூன் 28 அன்று காலப்பயணிகளுக்கு ஒரு விருந்து வைத்தார். அழைப்பை விருந்து முடிந்த பிறகே வெளியிட்டார். யாரும் வரவில்லை.

கேள்வி: வகுப்பில் நாற்பது நிமிடத்தில் இதை எழுதவைக்க முடியுமா?

பதில்: முழுக்கதை முடியாது. வந்துசேரும் காட்சியை மட்டும் எழுதவைக்கலாம். நால்வர் கொண்ட குழுக்கள். முதல் ஐந்து நிமிடம்: எல்லாரும் அறிந்த ஓரிடத்தை, பள்ளி வாசல் போல, தேர்ந்துகொள்ளட்டும், அதையே ஐம்பது ஆண்டு பின்னால் தள்ளுங்கள். அடுத்த பத்து நிமிடம்: அங்கே இன்று இருந்து அன்று இல்லாதவை மூன்று, அன்று இருந்து இன்று இல்லாதவை மூன்று, ஒரு சத்தம், ஒரு வாசனை. பிறகு பதினைந்து நிமிடம், பத்தே வாக்கியம். ஆண்டைச் சொல்லக் கூடாது. கடைசிப் பத்து நிமிடம் ஒரு குழு படிக்க, மற்றவர்கள் ஆண்டை ஊகிக்கட்டும்.

எங்கே கெடும் என்றால், இடத்தை அவர்கள் இஷ்டத்துக்கு விடும்போதுதான். எல்லாரும் போர்க்களத்துக்குப் போய்விடுவார்கள். பத்து வாக்கியமும் வெடிச்சத்தத்தில் கரைந்துவிடும். ஊகம் தவறினால் எழுதியவர்களைக் குறை சொல்லாதீர்கள். எந்த வாக்கியம் தடம் மாற்றியது என்று கேட்டவர்களே சொல்லட்டும். அதை மட்டும் திருத்தவையுங்கள்.

கேள்வி: எட்டு வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு சிக்கல் தாங்கும்?

பதில்: ஒரு பயணம், ஒரு காலம், ஒரு விதி. புறப்பட்ட அதே கணத்துக்குத் திரும்பிவிடலாம். அத்தியாயம் 500 முதல் 700 சொல். ஒன்பது, பத்து வயதில் இரண்டு காலங்களுக்கு இடையே போய்வருவதும், நேரக்கெடுவும் தாங்கும். தன்னைத்தானே சந்திப்பது, வட்டமாகச் சுற்றும் காரணங்கள் எல்லாம் பதினொன்று, பன்னிரண்டுக்கு மேல்.

கேள்வி: கடைசியில் எல்லாம் கனவு என்று முடிக்கலாமா?

பதில்: வேண்டாம். வாசகர் கூடவே பயந்தார், கூடவே ஓடினார். அது நடக்கவே இல்லை என்று சொல்ல உங்களுக்கு உரிமையில்லை. ஏதாவது ஒன்று மிஞ்சட்டும்: சட்டைப் பையில் ஒரு சாவி, அல்லது கடிகாரப் பெட்டியின் அடியில், சுவரில், நூறு ஆண்டுக்கு முன் நகர்த்திய அந்த நூலளவுத் தடம்.